பெயரிலே பால் தேடுவோர்

பெயரைக் கூறினால் போதாதாம். பெயருக்குரியவர் ஆணா பெண்ணா என்பதையும் அந்தப் பெயரே கூறியாக வேண்டுமாம்! கூறாத பெயர் குறையுள்ள பெயராம். குழப்பம் விளைவிக்கும் பெயராம். பதிவேட்டிலே ஏறத் தகாத பெயராம்! இப்படி ஒரு வாதம், எழுத்தறியாதார் வாழும் இருண்ட மூலையிலே அல்ல, கலையும் அறிவியலும் கொலுவீற்றிருக்கும் நாடுகளிலே, சட்டத்தின் துணையோடு நெடுங்காலம் நடமாடி வந்தது. நம்மூரிலே அதற்குச் சட்டத்தின் துணை கூடத் தேவைப்படவில்லை. அலுவலக மேசையிலே, பள்ளி வாயிலிலே, பேருந்து நிலையத் திண்ணையிலே, கேட்பாரின்றிக் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறது.

பாலிலே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்டறியக் கருவி உண்டு. பெயரிலே பால் கலந்திருக்கிறதா என்று கண்டறியக் கருவி ஏது? எனினும் அந்த ஆராய்ச்சியிலே இறங்கிய அரசுகளும் உண்டு, தோழர்களே! அவற்றின் கதையை முதலிலே கேளுங்கள்.

ஞாயிற்றின் கதிரை வடபுலத்தார் 'கிரண்' என்பர். கதிருக்கு மீசையுமில்லை, கூந்தலுமில்லை. ஆகவே ஆண் குழந்தைக்கும் அந்தப் பெயரை வைப்பர்; பெண் குழந்தைக்கும் வைப்பர். விக்கெட் காப்பாளர் கிரண் மோரே ஆண். 1972இல் இந்தியக் காவல் பணியிலே முதல் பெண் அதிகாரியாகச் சேர்ந்த கிரண் பேடி பெண். 2006இல் புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் கிரண் தேசாயும் பெண். பந்தைப் பிடித்த கையிலும், காவல் கோலைப் பிடித்த கையிலும், எழுதுகோலைப் பிடித்த கையிலும் அந்தப் பெயர் பழுதின்றிப் பணியாற்றியிருக்கிறது. ஆனால், ஜெர்மனி நாட்டிலே ஒரு பெற்றோர் தம் பெண் மகவுக்குக் கிரண் என்று பெயர் சூட்ட விழைந்தபோது, பதிவு அலுவலகம் கதவைச் சாத்திவிட்டது. ஆண் பெண் வேறுபாடு விளங்காத பெயரைத் தனித்துச் சூட்டலாகாது, வேண்டுமானால் பால் விளங்கும் மற்றொரு பெயரையும் துணைக்குச் சேர்க்க வேண்டும் என்பது அந்நாட்டு அலுவலகங்களின் நெடுநாள் வழக்கம். பெற்றோர் பணியவில்லை. வழக்கு, அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை சென்றது. 2008 டிசம்பர் 5ஆம் நாள் அந்த மன்றம் முடிவு கூறிற்று: பெயர் பாலைக் காட்டியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை, பெயரிடுவது பெற்றோர் உரிமை, குழந்தையின் நலன் கெடும் என்றால் மட்டுமே அரசு அதிலே தலையிடலாம். ஒரு கதிர் உள்ளே நுழைவதற்கு, ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் சாளரம் திறக்கப்பட வேண்டியிருந்தது!

அங்கிருந்து வடக்கே போங்கள். பனி சூழ்ந்த ஐஸ்லாந்து. அங்கே இன்ன பெயர் ஆணுக்கு, இன்ன பெயர் பெண்ணுக்கு என்று பட்டியல் வைத்திருந்தனர். காவல் காக்க ஒரு குழுவையும் அமர்த்தியிருந்தனர். ஒரு தாய் தன் மகளுக்கு, மெல்லிய காற்று என்று பொருள்படும் பெயரைச் சூட்டினாள். நம் மொழியிலே கூறுவதானால், தென்றல்! அந்தச் சொல் அவர்கள் இலக்கணத்திலே ஆண்பாலாம். ஆகவே பெண்ணுக்குக் கூடாது என்றது குழு. விளைவு என்ன? அந்தச் சிறுமியின் அரசுப் பதிவுகளிலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'பெண் பிள்ளை' என்று மட்டும் எழுதி வைத்தனர். பதினைந்து வயது வரை, தன் நாட்டின் கணக்கிலே அவளுக்குப் பெயர் இல்லை. பால் மட்டுமே இருந்தது. 2013 ஜனவரியில் நீதிமன்றம் அவள் பெயரை அவளுக்கே தந்தது. 2019இலே சட்டமே மாறிற்று. எந்தப் பெயரையும் எவரும் தாங்கலாம் என்றாயிற்று.

'பெயர் இல்லை, பால் மட்டுமே இருந்தது!' இந்த ஒரு வரியைச் சற்றே நிறுத்தி நிதானித்து எண்ணிப் பாருங்கள். பனிநாட்டுப் பதிவேட்டிலே ஒரு சிறுமிக்கு நேர்ந்த இந்தக் கொடுமை, பதிவேடு இல்லாமலே, நாள்தோறும் நம் நடுவே எத்தனை பெண்களுக்கு நேருகிறது! இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மூன்று முத்திரைகளைக் குத்தி, முகத்தை மறைத்துவிடுகிறோமே! பெயருள்ள பெண்ணின் பெயரைத்தான் எத்தனை பேர் அறிவோம்?

பெயரிலே பால் இருக்கிறது என்று சாதிப்போரை ஒரு கேள்வி கேட்போம். எந்த எழுத்திலே இருக்கிறது? 'அன்' என்று முடிந்தால் ஆண், 'இ' என்று முடிந்தால் பெண் என்பது நம் காது பழகிய கணக்கு. அந்தக் கணக்குப்படி மணி யார்? ரவி யார்? 'ஆ' என்று முடிந்தால் பெண் என்பீரேல், ராஜா யார்? சுதா யார்? கடல் கடந்து சென்றாலோ கணக்கு தலைகீழாகிறது. 'ஆண்ட்ரியா' என்றால் ஜெர்மனியிலே பெண், இத்தாலியிலே ஆண்! எழுத்து மாறவில்லை, எல்லைக்கோடு ஒன்றைத் தாண்டியதும் பால் மாறிவிட்டது. பெயரிலே இருந்த பொருளானால், எல்லையிலே சுங்கச் சாவடியிலா விட்டுவந்திருக்கும்? இல்லை, நண்பர்களே! பால், பெயரிலே இல்லை. கேட்பவன் காதிலே இருக்கிறது. காதுக்குப் பின்னே உள்ள கருத்திலே இருக்கிறது.

ஐயமுடையோர் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். 'அறுவை மருத்துவர் ஜோதி நோயாளியைப் பார்வையிட்டார்.' இந்த வாக்கியத்தைப் படித்ததும் உங்கள் மனக்கண் முன்னே வந்து நின்ற உருவம் எது? 'குழந்தைகள் பள்ளி ஆசிரியர் ஜோதி பாடம் சொன்னார்.' இப்போது நின்ற உருவம் எது? அதே ஜோதி, அதே இரண்டெழுத்து. கத்தியைக் கையில் கொடுத்ததும் சட்டை போட்டுவிட்டோம்; கரும்பலகையருகே நிறுத்தியதும் சேலை கட்டிவிட்டோம். ஜோதி என்ன செய்தார் பாவம்! ஐயத்துக்குரிய பெயர் கிடைத்ததும், உயர்ந்த நாற்காலி என்றால் ஆண் என்றும், தாழ்ந்த முக்காலி என்றால் பெண் என்றும் நாமே நிரப்பிக் கொள்கிறோம். இருபாலுக்கும் பொதுவான பெயர் என்பது ஒரு கண்ணாடி. அதிலே தெரிவது பெயருக்குரியவர் முகமல்ல, பார்க்கிறவர் முகம்!

பெரிய இடத்துப் பேனாக்களும் இந்தக் கண்ணாடியிலே முட்டிக் கொண்டதுண்டு. ஈவ்லின் வா என்பவர் ஆங்கில நாவலாசிரியர், ஆண், அவர் முதல் மனைவியின் பெயரும் ஈவ்லின்! அமெரிக்காவின் டைம் இதழ், 2016இலே கல்லூரிகளில் மிகுதியாகப் படிக்கப்படும் பெண் எழுத்தாளர்கள் நூறு பேரின் பட்டியலை வெளியிட்டபோது, அந்த ஆடவரையும் பெண்டிர் வரிசையிலே அமர்த்திவிட்டது. உலகம் சிரித்தது. சிரித்துவிட்டு மறந்தது. ஆணைப் பெண் என்று பிறழ உணர்ந்தால் நகைச்சுவை, அதோடு முடிந்தது. ஆனால் பெண்ணைப் பெண் என்று சரியாக உணர்ந்தால் என்ன நடக்கிறது? அங்கே நகைப்புக்கு இடமில்லை, தோழர்களே! அங்கே நட்டம் தொடங்குகிறது.

அந்த நட்டத்தை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு நடத்தி 2012இல் வெளியிட்டனர். ஆய்வுக்கூட மேலாளர் வேலைக்கு ஒரே ஒரு விண்ணப்பத்தை எழுதினர். படிப்பு ஒன்று, திறமை ஒன்று, எழுத்துக்கு எழுத்து ஒன்று. சிலருக்கு 'ஜான்' என்று பெயரிட்டு அனுப்பினர்; சிலருக்கு 'ஜெனிபர்' என்று பெயரிட்டு அனுப்பினர். பெற்றவர்கள் யார்? அறிவியல் பேராசிரியர்கள், 127 பேர். தராசைப் பிடித்தே பழகிய கைகள்! அந்தக் கைகள் ஜானுக்கு எடை போட்ட ஆண்டுச் சம்பளம் சராசரியாக 30,238 டாலர். ஜெனிபருக்கு 26,508 டாலர். ஒரு பெயரின் விலை ஆண்டுக்கு 3,730 டாலர்! ஜெனிபரைக் குறைத்து மதித்தவர்கள் ஆண்கள் மட்டுமல்லர். பெண் பேராசிரியர்களும் அப்படியே மதித்தனர். ஆணின் சதி என்று கூறிவிட்டு அப்பால் போவதற்கில்லை. இது ஊறிப்போன நஞ்சு. குடித்தவர் எல்லோர் குருதியிலும் ஓடுகிறது.

இன்னொன்று கேளுங்கள். வட கரோலினாவிலே, ஆசிரியர் முகம் மாணவருக்குத் தெரியாத இணையவழி வகுப்பு ஒன்றில், ஆசிரியர் இருவர், ஓர் ஆண், ஒரு பெண், தத்தம் பெயரில் ஒரு பிரிவுக்கும், மற்றவர் பெயரில் ஒரு பிரிவுக்குமாகப் பாடம் நடத்தினர். 2015இலே முடிவு வெளிவந்தது. சிறு ஆய்வுதான், ஆனால் சுருக்கென்று தைக்கும் ஆய்வு. எல்லாப் பிரிவினருக்கும் ஒரே நேரத்தில்தான் தாள்கள் திருத்தித் தரப்பட்டன. எனினும், காலம் தவறாமைக்கு மதிப்பெண் போடுக என்றதும், ஆண் பெயருக்கு ஐந்துக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55! கடிகாரம் ஒன்றே, முள் ஒன்றே, மணி ஒன்றே. பெண் பெயரைக் கண்டதும் கடிகாரமே பின்தங்கி ஓடிற்று!

இந்த நிலையிலேதான், பெயரிலே பாலைக் காட்டு, காட்டு என்று கேட்கிறார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? படிக்கல் இரண்டு வைத்திருக்கும் வணிகன், வருபவர் யாரென்று முதலில் கேட்பான். எந்தக் கல்லைத் தட்டிலே போடுவது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே! கல் ஒன்றே வைத்திருப்பவனுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை.

ஒரு காட்சியை மனக்கண்ணிலே காணுங்கள். நிறுவனம் ஒன்றின் மேலாளர் அறை. மேசைமீது விண்ணப்பங்கள். எதிரே எழுத்தர்.

மேலாளர்: அடடே, இந்த விண்ணப்பம் அருமையாக இருக்கிறதே! கணக்கியலில் முதல் வகுப்பு, ஐந்தாண்டு அனுபவம். யாரப்பா இது?

எழுத்தர்: மணி என்று போட்டிருக்கிறது, ஐயா.

மேலாளர்: சபாஷ்! ஊர் ஊராகப் போய்க் கணக்குப் பார்க்க இப்படிப்பட்ட பிள்ளைதான் வேண்டும். உடனே வரச் சொல்.

எழுத்தர்: வெளியிலேதான் காத்திருக்கிறார், ஐயா.

(மணி வருகிறார். பெண்.)

மேலாளர்: நீ... நீதான் மணியா அம்மா?

மணி: ஆமாம், ஐயா.

மேலாளர்: ஓகோ... திருமணம் ஆகிவிட்டதா?

மணி: விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இல்லையே, ஐயா.

மேலாளர்: இல்லைதான்... வெளியூர் வேலை பார், இரவாகிவிடும், வீட்டிலே என்ன சொல்வார்களோ... சரி அம்மா, சொல்லி அனுப்புகிறோம்.

மணி: நான் கேட்ட வேலைக்கா, ஐயா? அல்லது வேறு வேலைக்கா?

காட்சி முடிந்தது. மேலாளர் கொடியவரல்லர்; வீட்டிலே மகளைச் சீராட்டுபவர்; கோயிலிலே அம்மனைக் கும்பிடுபவர். ஐந்து நிமிடத்துக்கு முன் 'அருமை' என்று புகழ்ந்த தாள் அவர் மேசைமீதே கிடக்கிறது; ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஒன்றே. வாசற்படியில் ஓர் உருவம் தெரிந்தது. தராசின் கல் மாறிற்று!

இந்த அநீதிக்கு அஞ்சித்தான், அறிவும் ஆற்றலும் மிக்க பெண்கள் பலர், பாலறியாப் பெயருக்குள்ளே பதுங்கி வாழ நேரிட்டது. இங்கிலாந்திலே ப்ரான்டி சகோதரிகள் மூவர். ஷார்லட், எமிலி, ஆன். 1846இலே கவிதை நூல் வெளியிட்டபோது, கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்று, ஆணென்றும் பெண்ணென்றும் துணிய முடியாத பெயர்களைத் தேடிப் பிடித்துப் புனைந்து கொண்டனர். பெண் எழுத்து என்றால் ஓரக் கண்ணால் பார்ப்பார்கள் என்ற ஐயமே காரணம் என்று, பின்னர் ஷார்லட்டே விளக்கினார். ஐயம் வீண்போகவில்லை. 1847இல் 'ஜேன் அயர்' வெளிவந்தது. எழுதியது ஆணா பெண்ணா என்று இலக்கிய உலகம் இரண்டுபட்டது. புகழ்பெற்ற காலாண்டிதழ் ஒன்றின் மதிப்புரை, இதை எழுதியவர் பெண்ணாயின், தன் இனத்தார் தோழமையை என்றோ இழந்துவிட்டவளாகத்தான் இருக்க வேண்டும் என்ற கருத்தை அள்ளி வீசிற்று. ஆண் எழுதினால் துணிவு. பெண் எழுதினால் ஒழுக்கக் கேடு! அந்த மதிப்புரையை எழுதியவரும் ஒரு பெண். அவரும் பெயர் போடாமலே எழுதினார் என்பதுதான் கொடுமையிலும் கொடுமை.

பழங்கதை என்பீரேல், அண்மைக்கு வாருங்கள். அமெரிக்காவிலே ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி, கடையிலே கண்ட பழப்பாகுப் புட்டியின் பெயரை எடுத்து, 'ஜேம்ஸ் டிப்ட்ரி' என்ற புனைபெயரிலே அறிவியல் கதைகள் எழுதினார். ஆசிரியர் பெண்ணாக இருக்கலாம் என்று சிலர் ஐயுற்றனர். ராபர்ட் சில்வர்பெர்க் என்னும் தேர்ந்த எழுத்தாளர், 1975இலே அந்தக் கதைகளுக்கு முன்னுரை வரைந்தபோது, இந்த எழுத்திலே மறைக்க முடியாத ஆண்மை துலங்குகிறது, ஆகவே ஐயத்துக்கே இடமில்லை என்று அடித்துக் கூறினார். ஈராண்டிலே, 1977இல், உண்மை ஊரறிய வந்தது. எழுத்திலே துலங்கிய ஆண்மை எங்கே போயிற்று? எழுத்திலே அது இருந்திருந்தால்தானே போவதற்கு! அட்டையிலே இருந்த 'ஜேம்ஸ்' அவர் கண்ணிலே ஏறிற்று. கண்ணிலே ஏறியது கதையிலே தெரிந்தது.

நம் தமிழகத்திலே எதிர்ப்புறமாக நடந்ததையும் காணுங்கள். ரங்கராஜன் என்ற ஆடவர், தம் மனைவியின் பெயரைப் பூண்டு, சுஜாதா என்று எழுதினார். பட்டிதொட்டியெங்கும் புகழ் பரவிற்று. ஆண், பெண் பெயரைப் பூணுவது விருப்பம். வேண்டும்போது சூடி, வேண்டும்போது கழற்றும் மாலை. பெண், பாலறியாப் பெயரைப் பூணுவது கவசம்; கழற்றினால் அம்பு பாயும். இரண்டும் புனைபெயர்தாம், எனினும் ஒன்று உரிமை, மற்றொன்று தற்காப்பு.

பெயர்களின் போக்குவரத்திலும் இந்த ஒருவழிப் பாதைதான். ஷார்லட் ப்ரான்டி 1849இலே 'ஷெர்லி' என்ற நாவலை எழுதினார். ஆண் மகவை எதிர்பார்த்த பெற்றோர், பிறந்தது பெண்ணாயினும், ஆணுக்கென வைத்திருந்த பெயரையே அவளுக்குச் சூட்டினர் என்பது கதை. அதற்குமுன் ஷெர்லி ஆணுக்குரிய அரிய பெயர். அதற்குப் பின்னர் பெண்களின் பெயராயிற்று. ஆண்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஈவ்லின், பெவர்லி, லெஸ்லி, ஆஷ்லி என்று ஒவ்வொரு பெயராக இதே வழியிலே நடந்தன. பெண் நுழைந்தால் ஆண் வெளியேறுகிறான். குதிரையேறித் துப்பாக்கி தூக்கிய திரைப்பட வீரர் ஜான் வேய்ன், 1907இலே பிறந்தபோது பெற்ற பெயர் மேரியன்; திரையுலகம் அந்தப் பெயரை உரித்துவிட்டுத்தான் அவரை வீரராக்கியது!

நம்மிடையே வேறா? மகளை 'வாடா ராஜா' என்று அழைத்தால் தந்தைக்குப் பெருமை; மகனை 'வாடி ராணி' என்று அழைத்தால் தெருவே சிரிக்கும். துணிந்த பெண்ணுக்கு 'ஆண்பிள்ளைச் சிங்கம்' என்று பட்டம் சூட்டுகிறோம். தயங்கிய ஆணைப் 'பொம்பளை' என்று ஏசுகிறோம். ஏறினால் ஆண், இறங்கினால் பெண் என்ற ஏணியை நாவிலே சுமந்து திரிகிறோம். போதாக்குறைக்கு, அடுத்தது ஆணாகட்டும் என்று பெண் குழந்தைக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த கொடுமையும் இந்த மண்ணிலேதான் நடந்தது. பாலைத் தெளிவாகக் காட்டும் பெயர் வேண்டும் என்போரே, இதோ உங்கள் விருப்பப்படியான பெயர்! இதைவிடத் தெளிவாகப் பாலைக் காட்டும் பெயர் உண்டோ? பாலை மட்டுமா காட்டுகிறது, பெற்றவர் ஏக்கத்தையும் வளர்த்த ஊரின் வெறுப்பையும் சேர்த்தல்லவா காட்டுகிறது!

பொதுப்பெயரால் குழப்பம் வரும் என்போருக்குப் பஞ்சாப் விடை கூறுகிறது. சீக்கியப் பெருமக்களிடையே, முதற்பெயர்கள் பெரும்பாலும் இருபாலுக்கும் பொது. 1699இலே கல்சா அமைந்த மரபையொட்டி, ஆண் 'சிங்' என்றும், பெண் 'கவுர்' என்றும் பின்பெயர் பூணுவர், முதற்பெயரோ ஒன்றே. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலே இந்திய ஆக்கி அணிக்குத் தலைமையேற்று வெண்கலம் வென்றவர் ஹர்மன்பிரீத் சிங். 2025 நவம்பர் 2இல் நவி மும்பையிலே தென்னாப்பிரிக்காவை வீழ்த்தி மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பையை ஏந்திய தலைவர் ஹர்மன்பிரீத் கவுர். பெயர் ஒன்று, மட்டை இரண்டு, வெற்றி இரண்டு. குழப்பம் எங்கே வந்தது? எந்த ஹர்மன்பிரீத் என்று கேட்டால், கோலடித்தவரா, கோப்பை வென்றவரா என்று ஆற்றிய செயலைக் கொண்டே விடை கூறலாமே!

தமிழனுக்கு இது புதிய பாடமன்று, தோழர்களே. தங்கம், ரத்தினம், பாக்கியம், மணி, ஜோதி என்று இருபாலும் தாங்கும் பெயர்கள் நம்மிடம் நிறைய உண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' தந்த ராஜமய்யரும் ராஜம். 1973இலே சாகித்திய அகாதமி விருது பெற்ற ராஜம் கிருஷ்ணனும் ராஜம். முன்னவர் ஆண், பின்னவர் பெண். தமிழ் நாவல் இருவருக்கும் கடன்பட்டிருக்கிறது.

பெயர்களை விடுங்கள், இலக்கணத்துக்கு வாருங்கள். தொல்காப்பியர் பெயரியலிலே, உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயர்களை எடுத்துப் பேசுகிறார். சாத்தன் என்றால் மனிதனாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம் என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. அப்படியானால் எப்படி அறிவது? பெயரைத் திருத்து என்றாரா? பெயருக்குத் துணைப்பெயர் சேர் என்றாரா? குழு அமைத்துப் பட்டியல் போடு என்றாரா? இல்லை! அத்தகைய பெயர்களின் பால், வினையோடு சேர்ந்தாலன்றி விளங்காது என்றார். சாத்தன் வந்தான் என்றால் மனிதன். சாத்தன் வந்தது என்றால் மாடு. பெயர் சொல்லாததை வினை சொல்லும்!

இலக்கணத்திலே வினை என்பது வினைச்சொல். வாழ்க்கையிலே வினை என்பது செயல். ஐஸ்லாந்தின் குழுவுக்குத் தெரியாத ஒன்றைப் பழந்தமிழ் இலக்கணம் கூறி வைத்திருக்கிறது: பெயரைக் கண்டு முடிவு கட்டாதே; வினை வரும் வரை பொறு!

இன்னும் ஒன்று. அவன் என்ற சொல்லிலே ஆண் உண்டு. அவள் என்ற சொல்லிலே பெண் உண்டு. 'அவர்' என்ற சொல்லிலே யார் உண்டு? மனிதர் உண்டு! வந்தான், வந்தாள் என்பன பிரிக்கின்றன. 'வந்தார்' என்பது பிரிப்பதில்லை. ஒருவர் என்ற சொல் இருபாலுக்கும் உரியது என்பதும் தொல்காப்பியர் வகுத்ததே. மதிப்பு வருகிற இடத்திலே பால் மறைந்துவிடுகிறது, தமிழிலே! இத்தகைய மொழியைப் பேசிக்கொண்டு, மேடையிலே ஆணுக்கு மட்டும் 'வந்தார், பேசினார்' என்று மதிப்பை வாரி வழங்கி, பெண்ணுக்கு 'வந்தாள், பேசினாள்' என்று கணக்குப் பார்ப்பது மொழிக்கும் இழுக்கு, நமக்கும் இழுக்கு.

'அப்படியானால் ஆண் பெண் வேறுபாடே இல்லை என்கிறீரா?' என்று கேட்டுக்கொண்டு வருவர் சிலர். மருத்துவரிடம் சென்றால் உடலைப் பற்றிக் கூறத்தான் வேண்டும். நோய்க்கு மருந்து தர அது தேவை. எவர் மறுத்தார்? ஆனால் கணக்கு நோட்டைத் திருத்துவதற்கு அது எதற்கு? கவிதையைச் சுவைப்பதற்கு அது எதற்கு? சம்பளம் எழுதுவதற்கு அது எதற்கு? தேவையான இடத்திலே கேட்பது அறிவு. தேவையற்ற இடத்திலே தேடுவது அரிப்பு. ஆண், பெண் என்ற இரண்டே பெட்டிகளைத் திறந்து வைத்து, இரண்டில் ஒன்றிலே விழு என்று விரட்டியதால், திருநங்கையர் பட்ட பாடு கொஞ்சமா? 2014இல்தான் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களையும் மூன்றாம் பாலினராக ஏற்றது. பெட்டி பெரிதன்று, மனிதர் பெரிது என்று கற்க எவ்வளவு காலம் பிடித்தது!

'சரி, எல்லாப் பெண்களும் பொதுப்பெயரே வைத்துக் கொள்ளட்டும். தொல்லை தீர்ந்தது' என்று வழி கூறுவோரும் உண்டு. அது வழியன்று, வழுக்கல். பொதுப்பெயர் விரும்பிச் சூடினால் பூ. அஞ்சிப் போர்த்தினால் முக்காடு. மலர்விழி மலர்விழியாகவே வரட்டும். கயல்விழி கயல்விழியாகவே வரட்டும். மாற வேண்டியது பெயரன்று. பெயரைப் படிக்கும் கண்!

கண் மாறும் வரை என்ன செய்வது? பொதுத் தேர்வுத் தாளிலே மாணவர் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டுமே எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோமே, ஏன்? பெயர் திருத்துபவர் கையை இழுக்கும் என்று நாமே ஒப்புக் கொண்டிருக்கிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வழங்கும் நீதியை, வேலை தேடி வரும் இளைஞருக்கு ஏன் மறுக்க வேண்டும்? முதற்கட்ட விண்ணப்பத்திலே பெயரை மறைத்து எண்ணை வையுங்கள். மணமானவரா என்ற கேள்வியைக் கிழித்தெறியுங்கள். ஆணுக்குத் 'திரு' ஒன்றே, பெண்ணுக்கு மட்டும் மணமாகாவிட்டால் 'செல்வி', மணமானால் 'திருமதி' என்ற கணக்கைக் கைவிடுங்கள். அரசும் செய்யலாம், ஆலைகளும் செய்யலாம், நம் கூட்ட அழைப்பிதழ்களிலே நாளைக்கே நாமும் செய்யலாம்.

இயலுமா என்று மலைக்க வேண்டாம். 1929இலே செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கிய சாதிப் பட்டங்களை அகற்றுக என்று தீர்மானித்தபோதும், பட்டமில்லாவிட்டால் இன்னார் என்று எப்படி அறிவது என்றுதான் கேட்டனர். அறிய முடியாமல் போய்விடவில்லை. வால் போயிற்று, பெயர் நிமிர்ந்தது. அன்று பெயரின் வாலிலே சாதியைத் தேடியவர்கள் தோற்றனர். இன்று பெயரின் வயிற்றிலே பாலைத் தேடுவோரும் தோற்பர், நாம் தேடுவதை நிறுத்தினால்!

நாளை உங்கள் மேசைக்கு ஒரு தாள் வரும். மேலே 'மணி' என்றோ 'ஜோதி' என்றோ எழுதியிருக்கும். ஆணா பெண்ணா என்று மனம் துருதுருக்கும். அந்த நொடியிலே கையைச் சற்றே நிறுத்துங்கள். பெயரைத் தாண்டிக் கீழே செல்லுங்கள். அங்கே அவர் கற்றது இருக்கும், உழைத்தது இருக்கும், செய்து காட்டியது இருக்கும். வினை இருக்கும். அதற்கு விலை கூறுங்கள். அதற்கு மட்டுமே விலை கூறுங்கள்!